வீட்டுத் தோட்டத்தில் புதர்ச் செர்ரி: குளிருக்குப் பிறகு வரும் கேள்விகள்

கனடாவின் நாற்றுப்பண்ணைகளில் மே மாதம் விற்பனைக்கு வரும் புதர்ச் செர்ரிக் கன்றுகளின் அட்டையில் முதலில் கண்ணில் படுவது குளிர்தாங்கும் மண்டலத்தின் எண். மண்டலம் 2 என்றால் ஏறத்தாழ −40 பாகை செல்சியஸ் வரை செடி பிழைக்கும் என்று பொருள். வாங்குபவர் கேட்பதும் விற்பவர் சொல்வதும் பெரும்பாலும் அந்த எண்ணைச் சுற்றியே நடக்கின்றன. டொரன்டோவின் ஸ்காபரோவிலும் பக்கத்து நகரமான மார்க்கத்திலும் வீடு வாங்கிக் குடியேறிய தமிழர்கள் பின்வளவில் கோடைக்குக் கத்தரியும் மிளகாயும் பாகலும் போடுகிறார்கள். பனி விழுந்ததும் அத்தனையும் முடிந்துவிடும். ஒருமுறை நட்டால் ஆண்டுதோறும் பழம் தரும் ஒன்று வேண்டும் என்ற ஆசையில் செர்ரியின் பக்கம் போகிறவர்களுக்கும் அந்த எண்தான் நம்பிக்கை. குளிரைப் பற்றிய கேள்விக்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது என்பதும், புதர்ச் செர்ரி ஒரு வீட்டில் நிலைக்குமா என்பதை அதன் வேரும் அந்த இடத்தின் கோடையும் வீட்டின் சமையலறையும்தான் முடிவு செய்கின்றன என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

முதலில் எந்தச் செடியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் புதர்ச் செர்ரி என்ற பெயரில் விற்கப்படுபவை ஒரே இனம் அல்ல. சீனாவின் வடக்கும் மேற்கும், கொரியா, மங்கோலியா, இமயமலைச் சரிவுகள் ஆகியவற்றைத் தாயகமாகக் கொண்ட நான்கிங் செர்ரி ஒன்று. வட அமெரிக்கச் சமவெளிக்கே உரிய மணற்செர்ரி இன்னொன்று. தெற்கு டகோட்டாவின் புரூக்கிங்ஸ் நகரில் பணியாற்றிய நீல்ஸ் ஹான்சன் இதை வளர்த்துத் தேர்ந்தெடுத்துப் பரப்பினார். நியூ ஹாம்ப்ஷயரில் எல்வின் மீடர் உருவாக்கிய ஜாய், ஜான், ஜோயல் என்ற மூன்றும் ஆசியக் குறுஞ்செர்ரி இனங்களின் கலப்பு. நான்காவது வகை, சாஸ்கட்சவான் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த குட்டைப் புளிப்புச் செர்ரி. இனி இங்கே புதர்ச் செர்ரி என்று சொல்வது இந்த நான்காவதையே. மற்ற மூன்றும் தள்ளத்தக்கவை அல்ல. ஆனால் செர்ரி என்ற சொல்லைக் கேட்டதும் ஒருவர் மனத்தில் எழும் பழத்தின் அளவும் சதையும் மணமும் இதில்தான் இருக்கின்றன. தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருந்துகொண்டு இதை வாசிப்பவர்கள் கன்று தேட வேண்டாம். புளிப்புச் செர்ரி உறக்கம் கலைந்து பூக்க வேண்டுமானால் 7 பாகைக்குக் கீழான குளிர் ஏறத்தாழ 1,000 மணி நேரம் வேண்டும். நீலகிரியில் விளையும் பிளம்ஸும் பீச்சும்கூடக் குறைந்த குளிர் நேரத்தில் திருப்திப்படும் வகைகளே.

இச்செடியின் வம்ச வரலாறு தெரிந்தால் அதை வளர்க்கும் முறை பாதி புரிந்துவிடும். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரை பரவிய புல்வெளிகளில் புல்லோடு புல்லாக வளரும் ஒரு காட்டுச் செர்ரி உண்டு, புரூனஸ் ஃப்ரூட்டிகோசா. ஒரு மீட்டர் உயரமே வளரும்; வேரிலிருந்து புதுக் கன்று விட்டு விட்டுப் படரும்; பழம் சிறியது, நல்ல புளிப்பு. நாம் அறிந்த புளிப்புச் செர்ரியே இந்தப் புல்வெளிச் செர்ரியும் இனிப்புச் செர்ரியும் இயற்கையில் கலந்து பிறந்ததுதான் என்பது தாவரவியலாளர் முடிவு. ரஷ்யாவில் இவான் மிச்சூரின் புல்வெளிச் செர்ரியைக் கலப்பில் பயன்படுத்தி வடக்குக்கு ஏற்ற செர்ரிகளைத் தேடினார். கனடாவில் அதே எண்ணத்தைக் கையில் எடுத்தவர் லெஸ் கெர். 1940-களில் சாஸ்கட்டூனில் அவர் புல்வெளிச் செர்ரியையும் புளிப்புச் செர்ரியையும் கலக்கத் தொடங்கினார். அவர் திரட்டிய செடிகள் பிற்பாடு சாஸ்கட்சவான் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தன. அங்கே பல தலைமுறைத் தேர்வுக்குப் பிறகு 1999-இல் கார்மைன் ஜூவல் வெளியானது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து ரோமியோ, ஜூலியட், கியூபிட், வேலன்டைன், கிரிம்சன் பேஷன் என்ற ஐந்தும் காதல் வரிசை என்ற பெயரில் வந்தன. பெயர் வைத்தவர்களுக்கு விற்பனை தெரியும். முதல் கலப்புக்கும் முதல் கன்று கடைக்கு வந்ததற்கும் நடுவே அரை நூற்றாண்டு ஓடியிருக்கிறது. குளிர் என்ற கேள்வி தீர்ந்தது அந்த அரை நூற்றாண்டில்தான். சாஸ்கட்டூனின் திறந்த வெளியில் எத்தனையோ குளிர்காலங்களில் பிழைத்தவையே மிஞ்சின. மற்றவை வெட்டி எறியப்பட்டன.

அந்தப் பல்கலைக்கழகம் தேடியது வீட்டுத் தோட்டத்துக்கான செடியை அல்ல என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். சமவெளி விவசாயிக்குக் கோதுமையோடு இன்னொரு வருமானம் தரும் பழப்பயிர் வேண்டியிருந்தது. ஆள்கூலி அதிகமான நாட்டில் அது இயந்திரம் பறிக்கத்தக்க உயரத்தில் இருக்க வேண்டும். பழச்சாறு, ஜாம், பை செய்யும் ஆலைகளுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். குளிரில் சாகக் கூடாது. இந்த மூன்று தேவைகளில் ஒன்றுகூட நேராக வீட்டுக்காரருடையது அல்ல. ஆனாலும் அவற்றைத் தேடிப் போனபோது கிடைத்தவை வீட்டுக்கும் நன்றாகப் பொருந்தின. இயந்திரத்துக்காகக் குறைத்த உயரம், ஏணியில்லாமல் பறிக்கவும் தலைக்கு மேல் வலையை இழுத்துப் போர்த்தவும் வசதியாயிற்று. கார்மைன் ஜூவல் இரண்டு, இரண்டரை மீட்டரோடு நின்றுவிடும். மகரந்தத்துக்கு இன்னொரு செடி வேண்டாத இயல்பு, ஒரே ஒரு செடிக்கு மட்டும் இடமுள்ள வளவுக்குப் பெரிய நன்மை. ஆலைக்காகத் தேர்ந்த அடர்சிவப்புச் சதை வீட்டு ஜாமுக்கும் நிறம் தருகிறது. பொருந்தாதவையும் சில ஒட்டிக்கொண்டு வந்திருக்கின்றன. வளர்ப்பவர் படும் ஏமாற்றங்களில் பெரும்பகுதி அந்தப் பொருந்தாதவற்றைக் கவனிக்காததால் வருபவை. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வேரிலிருந்து தொடங்குவோம். கடையில் விற்கும் இனிப்புச் செர்ரி மரம் இரண்டு செடிகளின் ஒட்டு. கீழே ஒரு வேர், மேலே நாம் விரும்பும் வகை. கொடுங்குளிரில் மேல்பகுதி செத்துப்போனால் கீழிருந்து துளிர்ப்பது யாரும் கேட்காத அடிச்செடி. அதை வளர்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. புதர்ச் செர்ரியோ பெரும்பாலும் திசு வளர்ப்பில் பெருக்கப்பட்டு, தன் சொந்த வேரில் நிற்பது. முயல் கடித்தாலும் பனிச்சுமையில் கிளை முறிந்தாலும், தரைமட்டம் வரை வெட்ட நேர்ந்தாலும், மறுபடி வருவது அதே கார்மைன் ஜூவல்தான். ஒட்டு மரத்தை நடும்போது ஒட்டுக்கணு மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும் என்ற விதி இதற்குக் கிடையாது. தொட்டியில் இருந்ததைவிடச் சில சென்டிமீட்டர் ஆழத்தில் நட்டாலும் கேடில்லை. ஒரு மரத்துக்குக் காட்டும் பயபக்தி இதற்குத் தேவையில்லை. இது கிளைகளை முறைவைத்துப் புதுப்பித்துக்கொண்டே போகும் புதர். அப்படிப் பார்க்கப் பழகினால் கவாத்து முதல் அறுவடை வரை எல்லாம் எளிதாகும்.

சொந்த வேருக்கு ஒரு விலை உண்டு, அது வேர்க்கன்று. புல்வெளிச் செர்ரியின் படரும் குணம் பேரப்பிள்ளைகளிடமும் மறையவில்லை. புல்தரையின் நடுவிலும் மிளகாய்ப் பாத்தியிலும் திடீரென்று செர்ரித் தளிர் முளைப்பதைப் பார்த்து, அண்டை வீட்டு வேலிக்குள் புகுந்துவிடுமோ என்று அஞ்சி, இச்செடியே வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள். அச்சம் நியாயமானது, ஆனால் அளவுக்கு மீறியது. வேர்க்கன்று அதிகம் வருவது வேர் காயப்படும் இடத்தில். செடியைச் சுற்றி மண்வெட்டியால் கொத்துவதும் களை எடுக்க ஆழமாகத் தோண்டுவதும் தான் அவற்றை எழுப்புகின்றன. கொத்தாமல் மூடாக்குப் போட்டு, அதற்கு வெளியே புல்வெட்டும் இயந்திரம் போகும்படி ஒரு பட்டை விட்டால், முளைக்கும் கன்றுகள் வாரந்தோறும் புல்லோடு சேர்ந்து வெட்டுப்பட்டுப் போகும். காய்கறிப் பாத்தியை ஒட்டி நடுவதுதான் உண்மையான தவறு, ஏனெனில் அங்கே ஆண்டுதோறும் மண்ணைக் கிளறியே ஆக வேண்டும். இரண்டுக்கும் நடுவே மூன்று மீட்டராவது இருக்கட்டும்.

டொரன்டோவின் குளிர் சாஸ்கட்டூன் குளிரல்லவே, டொரன்டோவில் இனிப்புச் செர்ரியே வளருமே, பிறகு எதற்கு இந்தப் புளிப்புப் புதர் என்று கேட்கலாம். வலுவான கேள்வி. நயாகரா தீபகற்பத்தில் இனிப்புச் செர்ரி வணிகப் பயிராகவே விளைகிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் சம்மர்லாண்ட் ஆய்வு நிலையம் 1968-இல் வெளியிட்ட ஸ்டெல்லா, தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் இனிப்புச் செர்ரிகளில் பெயர் சூட்டப்பட்ட முதல் வகை. ஆகவே துணைமரம் வேண்டும் என்ற பழைய தடையும் இல்லை. ஜெர்மனியின் கீஸனில் உருவான கிசெலா அடிச்செடிகளில் ஒட்டினால் மரத்தின் உயரம் பாதியாகக் குறையும். இத்தனை வசதியிருந்தும் வீட்டுத் தோட்டத்தில் இனிப்புச் செர்ரி பெரும்பாலும் பறவைக்கும் மழைக்கும் போகிறது. பழுக்கும் வாரத்தில் பெய்யும் மழையில் இனிப்புச் செர்ரியின் தோல் வெடிக்கும். வெடித்த இடத்தில் அழுகல் ஏறும். பாதியாகக் குறைந்த மரமும் மூன்று மீட்டருக்கு மேல். அதற்கு வலை போர்த்த ஏணியும் இன்னொரு ஆளும் வேண்டும். நெஞ்சு சிவந்த ராபினும், கூட்டமாக வரும் மெழுகுச்சிறகனும் ஒரே காலையில் மரத்தை வெறுமையாக்கிவிடும். வணிகத் தோட்டத்துக்கு ஆயிரம் மரங்களில் பத்து விழுக்காடு பறவைக்குப் போனால் நஷ்டம் தாங்கும். ஒற்றை மரம் வைத்தவருக்கு அப்படி ஒரு கணக்கே கிடையாது. ஆக இனிப்புச் செர்ரி வளருமா என்பதைவிடப் பழம் வீட்டுக்குள் வந்து சேருமா என்று கேட்பதே சரி. அதில் தலைக்கு எட்டும் உயரமுள்ள புதர் முந்திக்கொள்கிறது.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் வெயிலைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள்; ஆறு மணி நேரத்துக்குக் குறையாத நேர்வெயில் வேண்டும், அவ்வளவுதான். நிதானமாக யோசிக்க வேண்டியது வடிகாலைப் பற்றி. செர்ரி இனம் முழுவதற்கும் நீர் தேங்கிய மண் ஆகாது. வேர் மூச்சுமுட்டும், பிறகு அழுகும். தெற்கு ஒன்டாரியோவின் புதுக் குடியிருப்புகளில் வீடு கட்டும்போதே மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டு, கனத்த வண்டிகள் ஓடி இறுகிய களிமண்ணின் மேல் மெல்லிய புல்தரையைப் பரப்பிவிடுகிறார்கள். அந்தக் களிமண்ணில் குழி தோண்டி, குழிக்குள் மட்டும் நல்ல மண்ணைக் கொட்டி நடுவது வேருக்கு ஒரு கிணறு வெட்டிக் கொடுப்பதுதான். வசந்தத்தில் பனி உருகும் தண்ணீர் அத்தனையும் அங்கே வந்து நிற்கும். குழியில் தண்ணீர் ஊற்றி மறுநாள் பார்த்தும் வடியவில்லையென்றால் குழியை மறந்துவிட்டு, முப்பது நாற்பது சென்டிமீட்டர் உயர்த்திய மேட்டுப்பாத்தியில் நட வேண்டும். சாஸ்கட்டூனின் தோட்டங்களில் பெரிதாகத் தெரியாத இச்சிக்கல் இங்கே முதலாண்டிலேயே செடியைக் கொன்றுவிடும். குளிரில் செத்தது என்று வீட்டுக்காரர் முடிவுகட்டும் செடிகளில் எத்தனையோ உண்மையில் ஏப்ரல் மாதத்தில் மூழ்கிச் செத்தவை.

பூக்கும் காலத்தின் உறைபனி இதைவிட நுட்பமான விஷயம். ஜனவரியில் −40 பாகையைத் தாங்கும் அதே மொட்டு, மலர்ந்தபின் −2 பாகையில் கருகத் தொடங்கும். −4-ஐ நெருங்கினால் பெரும்பாலானவை போய்விடும். குளிர்தாங்கும் எண் உறங்கும் செடிக்கு மட்டுமே சான்று, விழித்த செடிக்கு அல்ல. அமெரிக்காவின் புளிப்புச் செர்ரியில் பெரும்பங்கை விளைவிக்கும் மிச்சிகன் மாநிலத்தில் 2012 மார்ச்சில் வழக்கத்துக்கு மாறான வெப்பம் அடித்தது. மரங்கள் முன்கூட்டியே விழித்தன. ஏப்ரலில் உறைபனி திரும்பி வந்தபோது அம்மாநிலத்தின் புளிப்புச் செர்ரி விளைச்சலில் ஏறத்தாழ 90 விழுக்காடு போயிற்று. மரம் ஒன்றும் சாகவில்லை, பழம்தான் இல்லை. வீட்டுத் தோட்டத்தில் இதற்கான பாடம் பொதுவான அறிவுரைக்கு நேர் எதிரானது. குளிர்நாட்டில் மென்மையான செடியைத் தெற்குச் சுவரோரம் கதகதப்பாக வை என்பார்கள். புதர்ச் செர்ரியை அங்கே வைக்கக் கூடாது. சுவரின் சூடு அதைச் சீக்கிரம் எழுப்பி உறைபனியின் கையில் கொடுத்துவிடும். காற்றோட்டமுள்ள திறந்த இடமே நல்லது. இரவில் குளிர்காற்று வழிந்து தேங்கும் பள்ளத்தையும், அதைத் தடுத்து நிறுத்தும் மூடிய வேலியின் மேட்டுப்புறத்தையும் தவிர்க்க வேண்டும்.

நட்டபின் முதல் மூன்று ஆண்டுகளின் வேலை புல்லை விலக்குவதுதான். இளஞ்செடிக்குப் புல்லைவிடப் பெரிய எதிரி இல்லை. மேல்மண்ணின் ஈரத்தையும் தழைச்சத்தையும் அது முதலில் வாரிக்கொள்ளும். செடியைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்தில் மரச்சில்லு மூடாக்கை எட்டு பத்து சென்டிமீட்டர் கனத்தில் பரப்ப வேண்டும். அது தண்டைத் தொடக் கூடாது, தொட்டால் பனிக்கடியில் வயல் எலிகள் அங்கே கூடுகட்டிப் பட்டையைச் சுற்றிக் கடித்துவிடும். நெருக்கமான கம்பிவலையைத் தண்டைச் சுற்றி நிறுத்துவது நவம்பர் வேலைகளில் ஒன்று. உரத்தில் கஞ்சத்தனம் நல்லது. வசந்தத்தில் கொஞ்சம் மட்கு போதும். ஜூலைக்குப் பிறகு தழைச்சத்து எதுவும் போடக் கூடாது. காய்கறிக்குப் பழகிய கை இங்கேதான் தவறு செய்கிறது. ஆகஸ்டில் போட்ட உரம் செடியைச் செப்டம்பரிலும் துளிர்க்க வைக்கும். அந்தப் பசுந்தளிர் முற்றுவதற்குள் பனி வந்துவிடும். மூன்றாம் ஆண்டில் ஒரு கிண்ணம் பழம் கிடைக்கலாம். ஆறேழு ஆண்டுகளில் ஒரு புதர் எட்டுப் பத்துக் கிலோ வரை தரும்.

இனி கோடை. சாஸ்கட்டூனில் ஆண்டு முழுதும் பெய்யும் மழையும் உருகும் பனியும் சேர்ந்து சுமார் 350 மில்லிமீட்டர். டொரன்டோவில் 800-க்கு மேல். பூஞ்சைக்கு இந்த வேறுபாடுதான் முக்கியம். வறண்ட சமவெளியில் அரை நூற்றாண்டு தேர்ந்தெடுக்கப்பட்ட செடி குளிரின் தேர்வில் தேறியது. ஈரமான ஆகஸ்ட் என்ற தேர்வை அது அங்கே எழுதவே இல்லை. செர்ரி இலைப்புள்ளி நோய் இலை நனைந்திருக்கும் மணி நேரத்தைப் பொறுத்துத் தொற்றும். முதலில் ஊதாப் புள்ளி, பிறகு மஞ்சள், பிறகு உதிர்வு; கடுமையான ஆண்டில் கோடை முடியும் முன்பே புதர் மொட்டையாகிவிடும். பழத்தைப் பறித்தாயிற்றே, இலை போனால் என்ன என்று விடக் கூடாது. குளிரைத் தாங்கும் திறன் செடியில் நிரந்தரமாகக் குடியிருப்பதல்ல. இலைகள் கோடையின் பிற்பகுதியில் சேர்த்துவைக்கும் சர்க்கரையிலிருந்து ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் அது புதிதாக உருவாக வேண்டும். முன்கூட்டி இலை இழந்த புளிப்புச் செர்ரியின் மொட்டுகள் குளிரில் எளிதாகச் சாகின்றன என்பது மிச்சிகனில் நன்கு அறியப்பட்ட உண்மை. அதாவது −40-ஐத் தாங்கும் செடி, ஆகஸ்டில் இலையை இழந்ததால் −20-இல் அடிபடலாம். அட்டையில் உள்ள எண், நல்ல இலையோடு கோடையைக் கடந்த செடிக்குரியது.

மருந்தடிக்காமல் இதற்குச் செய்யக்கூடியவை உண்டு, ஆனால் அவற்றைச் சிலர் அழகு பார்க்கும் வேலையாக எண்ணித் தள்ளிப்போடுகிறார்கள். பூஞ்சை உதிர்ந்த இலைகளில்தான் குளிர்காலத்தைக் கழிக்கிறது. ஆகவே இலையுதிர்காலத்தில் செடிக்கடியில் கிடப்பவற்றை வாரி அப்புறப்படுத்துவது மறு ஆண்டின் தொற்றைக் குறைக்கும். தண்ணீரை மேலிருந்து தெளிக்காமல் வேரில் விட வேண்டும். பழவேலி போல ஒரு மீட்டர் இடைவெளியில் நெருக்கி நடும் வழக்கம் சமவெளிக்குச் சரி. ஈரமான ஊரில் இரண்டு மீட்டர் விட்டால் காற்று புகுந்து இலை காயும். பிளம்ஸ், செர்ரிக் கிளைகளில் கரி போல முண்டுமுண்டாக ஏறும் கருமுடிச்சு நோய்க்குக் குளிர்காலத்தில் முண்டுக்குக் கீழே ஒரு சாண் விட்டு வெட்டி அப்புறப்படுத்துவதே வழி. காட்டுச் செர்ரி மரங்கள் நிறைந்த ஒன்டாரியோவில் அந்நோய் எப்போதும் பக்கத்திலேயே இருக்கும். அழுகிச் சுருங்கி மரத்திலேயே தொங்கும் பழங்களை விட்டுவைத்தால் பழுப்பு அழுகல் மறு ஆண்டும் அங்கிருந்தே தொடங்கும்.

பூச்சியைக் காட்டிச் சொல்லப்படும் எதிர்ப்புதான் எல்லாவற்றிலும் கனமானது. செர்ரிப் பழ ஈ பழைய எதிரி. ஆண்டுக்கு ஒரு தலைமுறை, செடிக்கடி மண்ணில் கூட்டுப்புழுவாகக் கிடந்து கோடையில் எழுந்து பழத்தில் முட்டையிடும். ஆசியாவிலிருந்து வந்த புள்ளிச்சிறகு ஈ புதிய எதிரி. 2008-இல் கலிஃபோர்னியாவிலும் 2009-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் 2010-இல் ஒன்டாரியோவிலும் அது கண்டறியப்பட்டது. இதன் நெருங்கிய உறவான மற்ற ஈக்கள் பெரும்பாலும் அழுகிய பழத்தைத் தேடிப் போகும். இதன் பெண் ஈயோ அரம் போன்ற முட்டையிடு உறுப்பால் பழுத்துவரும் நல்ல பழத்தையே துளைக்கும். கோடை முற்ற முற்ற அதன் கூட்டம் பெருகும். கார்மைன் ஜூவல் வெளியான 1999-இல் இந்த ஈ வட அமெரிக்க நிலப்பரப்பில் யாருக்கும் தெரியாது. அன்று செடிக்குச் சொல்லப்பட்ட புகழுரையை அப்படியே இன்று திருப்பிச் சொல்வது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். மருந்தடிக்க மனமில்லாதவர் செர்ரியே வைக்கக் கூடாது என்று இதிலிருந்து சிலர் முடிவுகட்டுகிறார்கள். உயர்ந்த மரமானால் அந்த முடிவு சரி. இரண்டு மீட்டர்ப் புதரை, தேனீக்கள் வேலையை முடித்துக் காய் பிடித்தபின், ஒரு மில்லிமீட்டர் கண்ணுள்ள மெல்லிய வலையால் முழுக்க மூடித் தரையில் கட்டிவிடலாம். ஈயும் புகாது, பறவையும் புகாது. நாலைந்து மரக்குச்சிகள், ஒரு வலை, ஒரு பிற்பகல் போதும். செர்ரிப் பழ ஈ முந்தைய ஆண்டிலிருந்தே அடிமண்ணில் இருந்தால் வலைக்குள்ளேயே எழும் என்பதால், விழுந்த பழத்தை ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுக்கும் ஒழுங்கு முதலாண்டிலிருந்தே வேண்டும்.

கவாத்து எளிது, அதனாலேயே பலர் தவறவிடுகிறார்கள். முதல் நாலைந்து ஆண்டுகள் முறிந்ததையும் உரசுவதையும் நீக்கினால் போதும். பிறகு ஆண்டுதோறும் வசந்தத்துக்குச் சற்று முன், மொட்டு உப்பும் முன்பாக, மிகப் பழைய கிளைகளில் சிலவற்றை அடியோடு எடுத்துவிட வேண்டும். ஓராண்டில் கால்பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. நடுப்புதர் திறந்து வெளிச்சம் உள்ளே விழ வேண்டும். நுனிகளை மட்டும் வேலி வெட்டுவதுபோல் கத்தரித்துவிட்டால் வெளிப்புறம் அடர்ந்து உட்புறம் இருண்டு, பழம் மேலோட்டில் மட்டும் தங்கும்; இலைப்புள்ளிக்கும் அதுவே வசதி.

நான்கிங் செர்ரிக்காரர்களின் வாதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். அது மலிவு, விதையிலிருந்தே வளரும், வறட்சி தாங்கும், வசந்தத்தின் முதல் பூக்களில் ஒன்று என்பார்கள். அத்தனையும் உண்மை. காய்க்க இரண்டு செடி வேண்டும் என்பதும், முதலில் பூப்பதால் உறைபனியில் முதலில் மாட்டுவதும் அதுவே என்பதும், பழம் சிறுத்து மென்மையாகி இரண்டு நாள்கூட நிற்காது என்பதும் அதே அளவு உண்மை. பூவுக்காகவும் பறவைக்காகவும் வைப்பவருக்கு நான்கிங் செர்ரியே போதும், அதில் சண்டையில்லை.

இறுதியாகப் புளிப்பு. இச்செடியை வாங்கிப் பிடுங்கி எறிந்தவர்களைக் கேட்டால் குளிரையோ நோயையோவிட இதைத்தான் காரணம் சொல்வார்கள். பழம் சிவந்ததும் பறித்து வாயில் போடுகிறார்கள், முகம் சுளிக்கிறார்கள். உண்மையில் இப்பழம் சிவந்தபின் இன்னும் இரண்டு மூன்று வாரம் செடியில் நிற்க வேண்டும். கருஞ்சிவப்பாகி, தொட்டால் காம்பை விட்டுக் கழலும் பக்குவத்தில் கார்மைன் ஜூவலின் சர்க்கரை அளவு 14 பிரிக்ஸை ஒட்டியிருக்கும். காதல் வரிசையில் சில 20-ஐத் தொடும், அது திராட்சைக்கு இணையான அளவு. புளிப்பு தெரிவது சர்க்கரை இல்லாததால் அல்ல, ஆப்பிளில் உள்ள அதே மாலிக் அமிலம் மிகுந்திருப்பதால். பிற்காலப் பறிப்பு அந்த அமிலத்தை அடக்கும், அடியோடு நீக்காது. ஆனால் வலையில்லாத செடியில் மூன்று வாரம் பழத்தை விட்டுவைக்க முடியாது, பறவை விடாது. சுவை பற்றிய குறை பாதிக்குமேல் வலை போடாத குறைதான்.

மீதிப் புளிப்பைக் குறையாகக் கருத வேண்டியதும் இல்லை. தமிழ்நாட்டு பேக்கரிக் கேக்கின் மேல் செர்ரி என்று உட்காருவது பெரும்பாலும் சாயமேற்றிப் பாகில் ஊறிய களாக்காய். அதுவும் ஒரு முட்புதரின் புளிப்புக்காய்தான். களாவையும் அரைநெல்லியையும் மாங்காயையும் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு ஊறவைக்கத் தெரிந்த சமையலறைக்குப் புளிப்புச் செர்ரி அந்நியம் அல்ல. கொட்டை நீக்கி மிளகாயும் வெல்லமும் சேர்த்து வதக்கினால் தொக்கு. சர்க்கரையில் காய்ச்சினால் நிறமும் மணமும் கொண்ட சர்பத். உறைபெட்டியில் வைத்தால் ஓராண்டுக்குக் கெடாது. கொட்டையோடு மிக்ஸியில் அடிக்க மட்டும் கூடாது: செர்ரிக் கொட்டையின் பருப்பிலும், செடியின் இலையிலும் சயனைடை வெளிவிடும் பொருள் உண்டு. முழுக் கொட்டையை விழுங்கிய குழந்தைக்கு அதனால் பொதுவாகத் தீங்கில்லை. அரைபட்டால்தான் அது வெளிவரும். பச்சையாகத் தின்னும் பழம் மட்டுமே வேண்டும், அடுப்பு வேலைக்கு நேரமில்லை என்கிற வீட்டுக்கு இச்செடியைப் பரிந்துரைக்க முடியாது. எட்டுக் கிலோ புளிப்புப் பழம் இரண்டே வாரத்தில் வந்து குவியும்போது அங்கே அது பாரமாகிவிடும்.

எந்த வகை என்பதும் மேற்சொன்னவற்றிலிருந்தே வரும். ஈரக் கோடையும் புள்ளிச்சிறகு ஈயும் உள்ள தெற்கு ஒன்டாரியோவில் முதலில் பழுக்கும் கார்மைன் ஜூவலே என் தேர்வு. அதைவிட இனிப்பான வகைகள் இருக்கலாம், ஆனால் ஈயின் கூட்டம் பெருகும் முன் அது அறுவடையை முடித்துக்கொள்ளும், கொட்டையும் சிறியது. சாஸ்கட்சவான், ஆல்பர்ட்டா வறட்டுக் கோடையில் ரோமியோவையும் ஜூலியட்டையும் நட்டு ஆகஸ்ட் வரை காத்திருக்கலாம். கிரிம்சன் பேஷன் பச்சையாகத் தின்ன மிக நன்று, வளர்ச்சிதான் மந்தம். எல்லாவற்றுக்கும் கடைசியில் பழுப்பது கியூபிட். பழம் பெரிது, ஆனால் சரியான வலை போட முடியாதவர் அதைத் தொடாமலிருப்பது நல்லது. எத்தனை செடி என்றால், நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒன்று. இரண்டாவதை நடுவதா என்பதை முதல் செடி முழுதாகக் காய்க்கும் ஆண்டில் உறைபெட்டியைத் திறந்து பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.